கனகசபை பார்த்த அளவு சரியானது

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கனகசபைப் பிள்ளையின் மைத்துனர். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே, "அபாங் சுடா தாக் அடா, சார்" என்றார். அண்ணன் இனி இல்லை என்று அர்த்தம். எப்போது என்று கேட்டேன். "காலையில, பத்து மணி. பசியாறிட்டு நாற்காலியில உக்காந்தான். கூப்பிட்டேன், பேசலை" என்றார். "பத்து மணிக்கா?" என்று இன்னொரு தரம் கேட்டேன். எங்கள் தொழிலில் காலை பத்து என்பது காற்றழுத்தம் உச்சிக்கு ஏறுகிற நேரம். வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த நேரத்துக்குப் பாரமானியின் முன்னால் நின்றவர் அவர். மனிதர் செத்துப்போனார் என்கிற செய்திக்கு என் வாயில் வந்தது இந்த அசட்டுக் கேள்விதான். மைத்துனர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கை கழுவின தண்ணீர் காயும்வரை வாசலிலேயே நின்றேன்.

எங்கள் காஜா பேராங் பேட்டையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் அவர் பாடையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். ஆகையால் அவர் எங்கே பிறந்தார், எங்கே படித்தார் என்றெல்லாம் எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. நான் எழுத வந்தது ஒரே ஒரு நாளைப் பற்றி. அந்தப் புயல் நாளில் அவர் செய்ததாக நீங்கள் நம்புவது ஒன்று, நடந்தது வேறு. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர்களில் ஒருவர் போய்விட்டார்.

நாங்கள் வேலை பார்த்தது ஆற்றுமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். காற்று, மழை, அழுத்தம் இவற்றை அளந்து பதிவேட்டில் எழுதுவதும், மேலிடம் உத்தரவிட்டால் கொடிக்கம்பத்தில் புயல் குறி ஏற்றுவதும் எங்கள் வேலை. அவர் அளவு பார்ப்பவர். சின்னையா ஆகிய நான் தற்காலிகக் குமாஸ்தா. அவர் காஜா பேராங் செட்டி குடும்பம்; பெயரில் பிள்ளை இருந்தாலும் இங்கே அவர்கள் எல்லோருக்கும் செட்டி என்றுதான் பேர். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்து, இங்கேயே பெண் எடுத்து, சாமியைத் தமிழில் கும்பிட்டுக்கொண்டு வீட்டில் மலாய் பேசுகிறவர்கள். நான் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்து, ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, அரைகுறை இங்கிலீஷோடு பட்டணத்துக்கு வந்தவன். அவர் தமிழை ஆசைப்பட்டுப் பேசுவார். நான் மலாயை வேறு வழியில்லாமல் பேசுவேன்.

அவருக்குத் தமிழில் ஆண்பால் ஒன்றுதான் தெரியும். மழை வந்தான், காற்று போனான், பஸ் இன்னும் வரலை அவன். மலாயில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தானே, அந்தப் பழக்கம். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே, "என் பெஞ்சாதி இன்னிக்கு விரதம். காலையிலேருந்து அவன் ஒண்ணும் சாப்பிடலை" என்றார். எனக்குச் சோறு புரையேறிவிட்டது. "தைலம்மா அக்காவுக்கு மீசை எப்ப முளைச்சது?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சிரி லா. என் தமிழ் தப்பு, ஆனா அவன் சமையல் தப்பு இல்ல" என்று மீன் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தார். அன்றிலிருந்து தினமும் அவர் தமிழைக் கேலி செய்வது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. என் மலாயை அவர் ஒருநாளும் கேலி செய்ததில்லை. கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் வேலை என்று வந்தால் அவரிடம் விளையாட்டு கிடையாது. பாதரசப் பாரமானி மனிதச் சூட்டுக்கே அசைந்து கொடுக்கும் என்பதால், முதலில் அதோடு இருக்கிற வெப்பமானியைப் படிப்பார், பிறகு கண்ணாடிக் குழாயை விரல் நுனியால் லேசாகத் தட்டுவார், பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவருவார். வழக்கத்துக்கு மாறான அளவு என்றால் தான் எழுதியதை மூடி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். நானும் பார்த்து வேறு சீட்டில் எழுத வேண்டும். பிறகு இருவரும் சீட்டை மாற்றிக்கொள்வோம். ஒருமுறை நான் சோம்பல்பட்டு, நேற்றைய அளவை ஒட்டினாற்போல் ஒன்றை எழுதி நீட்டினேன். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது உன் மாத்தா பார்த்ததா, உன் மண்டை பார்த்ததா?" என்று கேட்டார். மாத்தா என்றால் கண். திரும்பப் போய்ப் பார்த்து எழுதினேன். அதற்குப் பிறகு அவரிடம் அந்த வேலையை நான் காட்டவில்லை.

இப்போது அந்த நாள். சுதந்திரம் வந்த மெர்டேக்கா நாளுக்குக் கட்டிய தோரணங்கள் கடைத்தெருவில் சாயம்போய்த் தொங்கிக்கொண்டிருந்த சமயம். முந்திய நாள் முழுக்கச் சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். எங்கள் ஊரில் அழுத்தம் ஒரு பெரிய மர்மமில்லை. காலை பத்துக்கு ஏறும், மாலை நாலுக்கு இறங்கும், கோயில் பூசை மாதிரி நேரம் தவறாது. சுமத்ரா பக்கமிருந்து அடிக்கடி வரும் காற்றுக்குக்கூட அது பெரிதாகக் கலங்குவதில்லை. அன்று ஏழு மணிக்கே அளவு தாழ்ந்திருந்தது. எட்டு மணிக்கு, பார்க்க வேண்டிய நேரமே இல்லை, இவர் போய்ப் பார்த்தார். "ஏறணும். ஏறலை அவன்" என்றார். நான் வழக்கம்போலச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டார். நான் பார்த்து எழுதினேன், சீட்டை மாற்றிக்கொண்டோம். கடைசிக் கோடு வரை ஒன்றாக இருந்தது. அவர் அலமாரியிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்தார். உலகச் சண்டைக்கு முந்தியவை, ஓரம் செல்லரித்தவை. ஆகத் தாழ்ந்த அளவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், நேரே அங்கே திறந்தார். எங்கள் சீட்டில் இருந்தது அதற்கும் கீழே. "இந்தப் புத்தகத்துல இவ்வளவு கீழ யாரும் எழுதினது இல்ல" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் அசையாமல் கிடந்தது. மேற்கே வானம் கழுவாத செம்புப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது.

மேலிடத்துக்குப் போன் போட்டார். அங்கே இன்னும் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். எனக்கு இவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது. ஆமாம் ஐயா. இரண்டு தடவை ஐயா. இரண்டு பேர் பார்த்தோம் ஐயா. போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "குழாயில காத்துப் பூந்திருக்கும்னு சொல்றான். ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்துட்டுக் கூப்பிடணுமாம். குறி ஏத்தக் கூடாது." இப்படிச் சொன்னவர் கொஞ்ச நேரம் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் ஏறுகிற வேலியேற்றத்தோடு, பாலத்துக்கு அப்பால் தெங்கேரா மீனவர்கள் படகு தள்ளுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "கொடிக்குத்தான் துரை உத்தரவு வேணும், சின்னையா. வாய்க்கு வேணாம்" என்றார்.

கால் மணிக்கு ஒரு தரம் அளவு பார்க்க வேண்டியிருந்ததால் அவரால் இடத்தை விட்டு நகர முடியாது. என்னை அனுப்பினார். "ரெண்டே வார்த்தை. ஜாங்கான் துருன். வேற ஒண்ணும் பேசாத" என்றார். இறங்காதே என்று அர்த்தம். மலாய்க்காரர்கள் கடலுக்குப் போவதை 'துருன்' என்றுதான் சொல்வார்கள். என்னை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார், வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிற மாதிரி. எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், இரண்டு வார்த்தை சொல்லத் தெரியாதா என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்தேன்.

பாலம் தாண்டும்போது காற்று தொடங்கிவிட்டது. தெங்கேரா கரையில் ஏழெட்டுப் பேர் ஓலைக் கொட்டகையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். "ஜாங்கான் துருன், ஜாங்கான் துருன்" என்றேன். அத்தோடு திரும்பியிருக்க வேண்டும். ஒரு பெரியவர் "கெனாப்பா?" என்று கேட்டார். ஏன் என்று கேட்டவருக்கு, அரசாங்க அலுவலக ஆளாகிய நான் விளக்கம் சொல்லப் புறப்பட்டேன். பாதரசம் இறங்கிவிட்டது, ரொம்ப இறங்கிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். பாதரசத்துக்கு மலாய்ச் சொல் தெரியவில்லை. அதை விட்டுவிட்டு, எங்கள் அலுவலகம் இருந்த திசையில், கரையோரமாகக் கையை நீட்டிக்கொண்டு, "சுடா துருன். சுடா பாஞாக் துருன்" என்று கத்தினேன்.

தமிழ் என்றால் இறங்கிவிட்டது என்பதற்கும் இறங்கிவிட்டார்கள் என்பதற்கும் வால் வேறு. மலாயில் அந்த வால் இல்லை. 'பாஞாக்' என்றால் ரொம்ப என்றும் அர்த்தம், நிறையப் பேர் என்றும் அர்த்தம். நான் சொன்னது அந்தக் கரையில் நின்றவர்களுக்கு ஒரே மாதிரிதான் கேட்டிருக்கும்: ஏற்கெனவே நிறையப் பேர் கடலில் இறங்கிவிட்டார்கள். நான் கைகாட்டிய பக்கம் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். மழைத்திரை வந்து மறைத்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கொட்டகைக்கு வெளியே தன் படகைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் ஓடி வந்து என்னவோ கேட்டார். அவர் பெயர் அவாங் என்று பிறகு தெரிந்தது. காற்றுச் சத்தத்தில் 'அடேக்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. என் தம்பியுமா என்று கேட்டிருக்கிறார். புரியாத மலாய்க்குத் தலையாட்டுவது அந்தக் காலத்தில் என் வழக்கம். தலையாட்டினேன்.

அவர் கட்டிய கயிற்றை அவிழ்த்துப் படகைத் தள்ளினார். பத்திரமான இடத்துக்கு நகர்த்துகிறார் என்று நினைத்தேன். சொன்ன வேலையை நன்றாக முடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு சைக்கிளைத் திருப்பினேன். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாத விஷயம். திருப்தியோடு வந்தேன்.

நான் அலுவலகப் படி ஏறுவதற்குள் கூரைத் தகரங்கள் பறக்க ஆரம்பித்துவிட்டன. மேல்மாடியில் ஜன்னல் கதவு ஒன்று பிய்ந்துபோய், மழை உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. கனகசபை பாரமானிப் பெட்டிக்கு முன்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று மழையைத் தன் மேல் வாங்கிக்கொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. கையில் இருந்த சீட்டை மட்டும் நனையவிடவில்லை. "வா, பார்" என்றார். பார்த்தேன். காலையில் பார்த்ததைவிட இன்னும் கீழே போயிருந்தது. மாற்றிக்கொண்ட சீட்டுகள் அப்போதும் ஒத்துப்போயின. அதன் பிறகு பாதரசம் குபீரென்று ஏறிற்று, காற்று தணிந்தது, மழை மட்டும் சாயங்காலம்வரை பெய்தது. ஏன் அப்படி இறங்கிற்று என்று பின்னாலும் யாரும் எனக்குத் தெளிவாகச் சொன்னதில்லை. ஆனால் இறங்கிற்று. என் கண்ணால் பார்த்தேன்.

அவாங்கின் தம்பி அன்று கடலுக்கே போகவில்லை. சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தான். அவனைத் தேடிப் போனவர் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் படகின் ஒரு பலகை சதுப்புக் காட்டில் ஒதுங்கியது, அதற்கு மறுநாள் அவரும்.

அலுவலக ஆள் வந்து எல்லோரும் போய்விட்டார்கள் என்று சொன்னதால்தான் போனார் என்று தெங்கேராக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். விசாரிக்கத் துரை காரில் வந்தார். அன்று காலை, அவர் வருவதற்கு முன்னால், நான் கனகசபையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டியதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர், "உன் பேப்பர் எப்போ?" என்று கேட்டார். நான் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தேன். அடுத்த வாரம் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். நடத்தை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வாயைத் திறக்கச் சொல்லி மலாய் தெரியுமா என்று பார்ப்பார்கள். தவறான மலாய் பேசி ஒரு மனிதனைக் கடலுக்கு அனுப்பினவன் என்று பெயர் வந்தால் அந்தப் பேப்பர் கனவுதான். வேலையும் போகும். பிறந்த ஊருக்குப் போக எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. "அடுத்த புதன்" என்றேன். "ஓ" என்றார்.

விசாரணை அறையில், யார் சொல்லச் சொன்னது என்று துரை கேட்டதும் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அதற்குள் கனகசபை பேசிவிட்டார். "சொல்லச் சொன்னது நான். அந்த வார்த்தையையேதான் சொல்லச் சொன்னேன். இவன் நான் சொன்னதைச் சொன்னான்" என்றார் இங்கிலீஷில். மலாய் உன் தாய்மொழி அல்லவா என்று துரை கேட்டார். ஆமாம் ஐயா, அவசரத்தில் பிசகிவிட்டது என்றார். துரை பதிவேட்டைப் புரட்டினார். தன் சொந்த மொழியில் ஒரு வாக்கியம் சரியாகச் சொல்லத் தெரியாதவன் பாரமானியை மட்டும் சரியாகப் படித்திருப்பானா என்றார். சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த அளவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். இரண்டாவதாகப் பார்த்தவர் யார் என்று கேட்கவே இல்லை. தற்காலிகக் குமாஸ்தாவின் கண் அவர் கணக்கில் கண் இல்லை போலிருக்கிறது.

சாவுப்பழிக்குத் தலை குனிந்தபோதுகூடக் கனகசபையின் முகம் மாறவில்லை. அந்தச் சிவப்புக்குறி விழுந்தபோது மாறியது. அப்போதாவது நான் பேசியிருக்கலாம். எழுந்தவன் எழுந்தபடி நின்றேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். பயம். வேறு நல்ல சொல் எதையும் அதற்கு நான் தேடப் போவதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மலாயிலேயே பிறந்து வளர்ந்த ஒரு செட்டி, மலாய் பேசத் தெரியாமல் ஆளைக் கொன்றான் என்று ஊர் பேசிற்று. அவருக்கு 'துருன் பிள்ளை' என்று பெயர் வைத்தீர்கள். கோயிலில் அவர் படியிறங்கினால் பின்னாலிருந்து "துருன், துருன்" என்று ஒரு குரல் வரும், நாலு பேர் சிரிப்பார்கள். காப்பிக்கடையில் ஒருதரம் நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமலிருந்தால் சந்தேகப்படுவார்களோ என்று சிரித்தேன். அவர் காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "வா, நாலு மணி அளவு பார்க்கணும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவாங்கின் வீட்டுக்கு இருவருமாக ஒருநாள் போனோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று புறப்பட்டவர் அவர், நான் பின்னால் போனேன். அவாங்கின் மனைவி அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைப் பார்த்து, மழையில் எச்சரிக்க வந்த பையன் நீதானே என்று கேட்டு, உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வெயிலில் நின்றார். நான் குடித்தேன். திரும்பி வந்து சைக்கிளைப் பூட்டும்போது அவர், "தண்ணி குடிச்சது நல்லது. குடிக்கலைன்னா அவன் மனசு இன்னும் நோகும்" என்றார். அந்த விதவையைத்தான் அவன் என்றார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் கேட்காமல் இல்லை. முதலில் "உன் பேப்பர் வரட்டும்" என்றார். வந்தது. மலாய் சோதனையில் அதிகாரி என்னைப் பாராட்டினார், அந்த வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பிறகு "வேலை நிரந்தரம் ஆகட்டும்" என்றார். ஆயிற்று. பிறகு "கல்யாணம் முடியட்டும், பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க" என்றார். முடிந்தது. அதற்கப்புறம் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவர் தடுத்ததால் சொல்லவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய். அவர் தடுத்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் செட்டி வீடுகளில் முன்னோருக்கு வாழையிலையில் படையல் வைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். வருஷந்தோறும் என்னையும் கூப்பிடுவார். அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வருஷம் வழக்கமான இலைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலை கூடுதலாக இருந்தது. யாருக்கு என்று அவருடைய சித்தப்பா கேட்டார். "ஒரு தெங்கேரா ஆளுக்கு" என்று மலாயில் சொல்லிவிட்டு, சோற்றை எடுத்து வைத்தார். சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் படையல் முன்னால் என்ன பேசுவது. நான் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த இலை கண்ணில் படாத மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவர் இருந்த ஒவ்வொரு வருஷமும் அந்த இலை இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு தைலம்மா அக்காவைப் பார்க்கப் போனேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தபோது, அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குத் தெரியும், அடேக். அன்னிக்கே தெரியும். அவர் தூக்கத்துல கூட மலாய் தப்பாப் பேசமாட்டார்" என்றார். அன்றைக்கே தெரிந்தும் இத்தனை வருஷம் எனக்கு இலை போட்டிருக்கிறார். தலை நிமிர முடியவில்லை. அவரே மேலும் சொன்னார். "எழுது. ஆனா துருன் கதைய அப்புறம் எழுது. அவர் பார்த்த அளவு சரின்னு முதல்ல எழுது. ஊர் சிரிச்சது அவருக்கு ஒண்ணும் இல்ல. அந்த சிவப்பு பென்சில்தான். ரிட்டையர் ஆகுற அன்னிக்கும் அந்தப் பக்கத்தத் திறந்து பார்த்துட்டு வந்தார்." அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு அந்தத் தலைப்பு. அந்த அளவைப் பார்த்த இரண்டாவது ஆள் நான். இரண்டு சீட்டும் ஒத்திருந்தன. பாரமானியில் ஒரு கோளாறும் இல்லை. எங்கள் பதிவேட்டில் அதைவிடத் தாழ்ந்த அளவு அதற்கு முன்னாலும் இல்லை, நான் இருந்தவரை பின்னாலும் இல்லை. அலுவலகத்துக்கும் இப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் தெங்கேராவுக்குப் போனேன். அவாங்கின் மனைவிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், எது என்று பெயரைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னேன். தலையாட்டியதையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அப்படியானால் ஒவ்வொரு ஹரி ராயாப் பெருநாளுக்கும் வந்து, வேலிக்கு வெளியே பலகாரப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனவர் ஏன் ஒருதரம்கூட வாய் திறக்கவில்லை என்று கேட்டார். கனகசபை அங்கே போய்க்கொண்டிருந்தது எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. "அந்தப் பொட்டலத்தை நான் ஒருநாளும் எடுத்ததில்லை. கோழிக்குப் போட்டேன்" என்றார். வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்தால் எரியுமே என்றுகூட யோசிக்காமல் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் பெயர் என்ன என்று கேட்டார். துருன் என்றுதான் அவருக்கும் தெரியுமாம். கனகசபை என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவரும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார், 'கனகசாபாய்' என்று வந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான்.

அவர் ஞாபகமாக என்னிடம் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவருடைய பேனா இல்லை, படமும் இல்லை. நாங்கள் மாற்றிக்கொண்ட சீட்டுகளைக்கூட நான் பத்திரப்படுத்தவில்லை. இந்த ஊரில் சின்னையா என்றால் ஒழுங்கான மனிதன் என்று ஒரு பெயர் இருக்கிறது. அது அவர் கொடுத்தது. அதை வைத்துத்தான் குடிமகன் ஆனேன், உத்தியோகம் பார்த்தேன், பெண் எடுத்தேன், கோயில் கமிட்டியில் உட்கார்ந்தேன். இதைப் படித்த பிறகு அதில் நீங்கள் எவ்வளவு மிச்சம் விடுகிறீர்களோ, அவ்வளவுதான் என்னுடையது. நாளைக் காலை காப்பிக்கடைக்கு வருவேன்.